எட்டு வார செமஸ்டர்!

‘மச்சி, ஒரு காக்கர் ஸ்பேனியல் குட்டி எடுக்கணும்டா. ரொம்பச் சின்னதா, கைக்குள்ள அடங்கற மாதிரி கிடைக்குமா?’

உங்க கிளாஸ்லயும் யாராவது ஒருத்தர் இப்படிக் கேட்டிருப்பாங்க. ஏன், அந்த ஒருத்தர் நீங்களாவேகூட இருக்கலாம். தொங்குற காது, கோலிக்குண்டு கண்ணு, பட்டு மாதிரி முடி, இடுப்போட சேர்ந்து ஆடுற வாலு... யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனா பாஸ், அந்த ‘ரொம்பச் சின்னதா’ங்கிற வார்த்தையிலதான் வில்லங்கமே இருக்கு. முப்பது நாள் குட்டியைத் தூக்கிட்டு வர்றதும், முதல் இன்டர்னல் எழுதின கையோட ஒரு பையனை காலேஜ்ல இருந்து வெளியே அனுப்பி, ‘போய் வேலை பாரு’ன்னு சொல்றதும் ஒண்ணுதான். ஒரு நாய் தைரியசாலியா வளருமா, தொடைநடுங்கியா வளருமாங்கிறதுல பெரிய பங்கு, அது உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிவாயிடுது.

எப்படின்னு கேட்கறீங்களா? கோவை வடவள்ளிப் பக்கம் என் கிளாஸ்மேட் வீட்டுல அவங்களோட காக்கர் ஸ்பேனியல் ஒரே ஈத்துல அஞ்சு குட்டி போட்டுச்சு. ரெண்டு மாசம், சனிக்கிழமை தவறாம அங்க அட்டெண்டன்ஸ் போட்டேன். அந்த வீட்டு அம்மா, குட்டிகளை வித்து அனுப்பறதுக்கு முன்னாடி அதுங்களுக்கு நடத்தினது ஒரு முழு செமஸ்டர். நம்ம சிலபஸ் மாதிரியே அஞ்சு யூனிட்!

சிலபஸ் போட்டது யாரு?

யூனிட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். ‘எட்டு வாரம்’ங்கிறது சும்மா வாய்க்கு வந்த கணக்கு இல்ல. அதுக்குப் பின்னாடி இருக்கிற ஆராய்ச்சியில ஹீரோ ஹீரோயினே இந்தக் காக்கர் ஸ்பேனியல் குட்டிகள்தான்.

அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்துல பார் ஹார்பர்னு ஒரு கடலோர ஊர். அங்கே இருக்கிற ஜாக்சன் ஆய்வுக்கூடத்துல ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர்னு ரெண்டு விஞ்ஞானிகள் நாய்க்குட்டிகளின் குணம் எப்படி உருவாகுதுன்னு வருஷக்கணக்கா ஆராய்ந்தாங்க. அஞ்சு இன நாய்களை வெச்சுப் பண்ணின அந்த வேலை 1965-ல் புத்தகமா வந்தது. அந்த அஞ்சுல ஒண்ணு அமெரிக்கன் காக்கர் ஸ்பேனியல்.

அதே ஆய்வுக்கூடத்துல டேனியல் ஃப்ரீட்மேனும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின ஒரு சோதனை, 1961-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. காக்கர் ஸ்பேனியல் குட்டிகளையும் பீகிள் குட்டிகளையும் உயரமான வேலி போட்ட இடத்துல, தாயோட, மனுஷ வாடையே இல்லாம வளர்த்தாங்க. சில குட்டிகளை ரெண்டாவது வாரத்துல, சிலதை மூணாவது, அஞ்சாவது, ஏழாவது, ஒன்பதாவது வாரத்துலன்னு ஒரே ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனுஷங்களோட பழகவிட்டாங்க. ஒரு குரூப்பை மட்டும் பதினாலு வாரம் வரைக்கும் யாருமே தொடலை.

ரிசல்ட்? மூணு வாரக் குட்டி மனுஷனைப் பார்த்ததும் ஓடி வந்து ஒட்டிக்கிச்சு. வாரம் ஏற ஏற, பயம் தெளியறதுக்கு அதிக நேரம் ஆச்சு. பதினாலு வாரம் மனுஷனையே பார்க்காத குட்டிகள் கிட்டத்தட்ட காட்டு விலங்கு மாதிரி மிரண்டுச்சு. அதுக்கப்புறம் அதுங்களைச் சகஜமாக்க முடியலை. சுமார் மூணாவது வாரத்துல திறக்கிற ஒரு ஜன்னல், பன்னிரண்டு, பதினாலாவது வாரத்துக்குள்ள மெள்ள மூடிக்குதுன்னு அதுல இருந்து புரிஞ்சுது. அந்த ஜன்னல் திறந்திருக்கும்போது குட்டி எதையெல்லாம் பார்க்குதோ, கேட்குதோ, முகருதோ, அதெல்லாம் அதுக்கு ‘நம்ம உலகம்’. பார்க்காததெல்லாம் ‘அய்யய்யோ!’

இப்ப யூனிட்டுக்குப் போகலாமா?

யூனிட் 1: லோடிங்... (முதல் 2 வாரம்)

பிறந்த குட்டிக்குக் கண் திறக்காது, காது கேட்காது. தன் உடம்புச் சூட்டைக்கூடத் தானே காப்பாத்திக்கத் தெரியாது. ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட தாய் நக்கிவிட்டாத்தான் உண்டு. இருக்கிற ரெண்டே ஆப், மோப்பமும் தொடுதலும்தான்.

அதனால இந்த யூனிட்ல முக்கால்வாசி வேலை தாய் நாயோடது. மனுஷங்க வேலை, இடைஞ்சல் பண்ணாம இருக்கறது. அந்த வீட்டுல ஒரு ரூம் மூலையில மரப்பெட்டி. பெட்டிக்குள்ள நாலு பக்கமும் சுவரைவிட்டு நாலு விரக்கடை தள்ளி பி.வி.சி. பைப் ஓடுது. எதுக்குன்னு கேட்டா, தாய் சாய்ஞ்சு படுக்கும்போது குட்டி சுவரோட நசுங்கிடாம, பைப்புக்கு அடியில ஒதுங்கிக்குமாம். சிம்பிள் இன்ஜினீயரிங்!

குட்டிங்க எல்லாம் ஒரே பொன்னிறம். அடையாளத்துக்கு ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு கலர் நூல். தினமும் காலையில கிச்சன் தராசுல எடை. பிறந்த எடை ஏழுல இருந்து பத்து நாளுக்குள்ள டபுள் ஆகணும். எடை ஏறாம நின்னாலே ஏதோ கோளாறுன்னு அர்த்தம், உடனே டாக்டர்கிட்ட ஓடணும். எடை போடற சாக்குல ஒவ்வொரு குட்டியும் ஓரிரு நிமிஷம் மனுஷக் கையில இருக்கும். கண்ணு தெரியறதுக்கு முன்னாடியே கையோட வாசனை அறிமுகம்.

முதல் விசிட்ல என்னை வாசப்படியிலயே நிறுத்திட்டாங்க. செருப்பு கேட்டுக்கு வெளியே, கை கால் கழுவிட்டு, தூரத்துல இருந்து ஒரு எட்டிப் பார்வை. அவ்வளவுதான். ‘தாய்க்காரிக்கு அரளும் கண்ணு, குட்டிகளுக்கு நோவும் தொத்தும்’னாங்க அம்மா. சரிதானே?

யூனிட் 2: பவர் ஆன்! (3-வது வாரம்)

பத்துல இருந்து பதினாலு நாளுக்குள்ள கண் திறக்குது. அதைத் தொடர்ந்து காது திறக்குது. பால் பல் முளைக்குது. குட்டி தள்ளாடித் தள்ளாடி நாலு அடி வைக்குது, குப்புற விழுது, மறுபடி எழுந்திருக்குது.

ஜன்னல் திறந்தாச்சு. இனிமேதான் வீட்டுல வளர்ற குட்டிக்கும், கொட்டகையில வளர்ற குட்டிக்கும் வித்தியாசமே ஆரம்பிக்குது. பெட்டியை ரூம்ல இருந்து ஹாலுக்கு மாத்தினாங்க. மிக்ஸி சத்தம், குக்கர் விசில், காலிங் பெல், டி.வி. சீரியல் அழுகை, தெருவுல கீரைக்காரம்மா குரல்... எல்லாமே காதுல விழும். ஆனா எடுத்ததும் மிக்ஸியைக் குட்டி பக்கத்துல வெச்சு அலறவிடக் கூடாது. முதல்ல தூரத்து ரூம்ல, கதவைச் சாத்திட்டு. அப்புறம் கதவைத் திறந்துட்டு. சத்தம் வந்ததும் குட்டி திடுக்குன்னு நிமிரணும், ரெண்டு செகண்ட்ல மறந்துட்டு விளையாடப் போகணும். அதுதான் சரியான அளவு. பதுங்கி நடுங்கினா டோஸ் ஜாஸ்தின்னு அர்த்தம்.

இந்த வாரத்துலயே இன்னொரு அதிசயம். தூங்கற இடத்தைவிட்டுத் தள்ளிப் போய் ஒண்ணுக்குப் போகணும்னு குட்டிக்குத் தானா தோணுது. அந்தத் தள்ளி இருக்கிற இடத்துல பேப்பரை விரிச்சு வெச்சா டாய்லெட் டிரெயினிங்ல பாதி முடிஞ்சுது. (நம்ம பத்திரிகையும் அந்தப் புனிதப் பணியில பங்கெடுத்ததை இந்தக் கண்ணால பார்த்தேன்!)

யூனிட் 3: குரூப் டிஸ்கஷன் (4, 5-வது வாரம்)

இப்பத்தான் களேபரமே. அஞ்சு குட்டியும் ஒண்ணை ஒண்ணு கடிச்சு உருளும். பார்க்கறதுக்குச் சண்டை, உண்மையில அது கிளாஸ். ஒரு குட்டி தம்பி காதைப் பலமா கடிக்குது. தம்பி ‘கீய்ய்’னு கத்திட்டு விளையாட்டை நிறுத்திடுது. ‘ஓஹோ, இவ்வளவு அழுத்திக் கடிச்சா ஆட்டம் குளோஸ்’னு கடிச்ச குட்டி கத்துக்குது. பல்லு இருக்கு, ஆனா அளவாத்தான் யூஸ் பண்ணணும்ங்கிற இந்தப் பாடத்தைச் சொல்லித் தர்றதுல அண்ணன் தம்பிகளையும் தாயையும் மிஞ்ச ஆள் கிடையாது. முப்பது நாள்ல பிரிச்சுட்டு வந்த குட்டி உங்க கையைப் பதம் பார்த்தா, தப்பு குட்டி மேல இல்ல பாஸ். அது அந்த கிளாஸையே அட்டெண்ட் பண்ணலை.

பால்குடி மறக்கவைக்கற வேலையும் இப்பத்தான் சூடுபிடிக்குது. வெதுவெதுப்பான தண்ணியில ஊறவெச்ச குட்டித் தீனியைக் கூழ் மாதிரி பிசைஞ்சு தட்டுல வைக்கறாங்க. பசும்பால் ஊத்தறதில்லை. நிறைய குட்டிகளுக்கு வயிறு கலக்கிடும். குட்டி தின்னுட்டிருக்கும்போதே அம்மா பக்கத்துல உட்கார்ந்து, தட்டுல ஒரு துண்டு வேகவெச்ச கோழி போடறாங்க. ஏன்? காக்கர்ல சிலதுக்குத் தன் கிண்ணத்துக்கிட்ட யாராவது வந்தாலே உறுமற குணம் உண்டு. ‘தட்டுக்கிட்ட மனுஷக் கை வந்தா எடுத்துட்டுப் போகாது, இன்னும் நல்லதாக் கொடுக்கும்’னு இப்பவே பதிஞ்சுட்டா பிற்பாடு பிரச்னை குறையும்.

அப்புறம் கெஸ்ட் லெக்சர்! ஃப்ரிட்ஜ் கதவுல அம்மா ஒரு லிஸ்ட் ஒட்டியிருந்தாங்க. கைத்தடி வெச்ச தாத்தா, ஸ்கூல் பசங்க, ஹெல்மெட் போட்ட ஆளு, பர்தா போட்ட பக்கத்து வீட்டு அக்கா, தாடிக்காரர், குடை பிடிச்சவங்க, கேஸ் சிலிண்டரை ‘டங்’குன்னு இறக்கற அண்ணன். ஒவ்வொருத்தரா வந்துட்டுப் போனதும் டிக். ரூல்ஸ் கறார். தரையில உட்காரணும், குட்டி தானா வர்றவரைக்கும் காத்திருக்கணும், சின்னப் பசங்க நின்னுகிட்டுக் குட்டியைத் தூக்கவே கூடாது.

யூனிட் 4: லேப் (6-ல் இருந்து 8-வது வாரம் வரை)

இது பிராக்டிகல். அதுவும் ஸ்பேனியலுக்கு ஸ்பெஷல் லேப்.

ஸ்பேனியல் புதருக்குள்ள பூந்து பறவைகளைக் கிளப்பிவிடறதுக்குன்னே வளர்க்கப்பட்ட வேட்டைக்கார இனம். ‘உட்காக்’ங்கிற பறவையை வேட்டையாடினதாலதான் காக்கர்னு பேரே வந்துச்சு. அந்தத் தொங்கற காதுக்குள்ள காத்தோட்டம் கம்மி, ஈரம் தங்கும், சீக்கிரமே சீழ் பிடிக்கும். ஆயுசு முழுக்கக் காதைத் துடைக்கணும், முடியைச் சீவணும். ‘காதைத் தொட்டாலே கடி’ன்னு வளர்ந்த காக்கரை வெச்சுகிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?

அதான் இங்க தினமும் ரெண்டு நிமிஷ ‘காது கிளாஸ்’. காது மடலைத் தூக்கிப் பார்க்கறது, பஞ்சால தொடறது, சீப்பு படறது, வாயைத் திறக்கறது, நகம் வெட்டறது. ஒவ்வொண்ணுக்கும் கையோட ஒரு துண்டு தீனி. தண்ணிக் கிண்ணம்கூட வாய் குறுகலானது. காது தண்ணியில முங்காம இருக்கும்.

மொசைக் தரை, மொட்டை மாடி மணல், தென்னை நார் மிதியடி, ஈரப் புல்லுன்னு காலுக்கும் விதவிதமா அறிமுகம். தீபாவளி வெடிச் சத்தத்தை செல்போன்ல பதிவு பண்ணி, சாப்பாட்டு நேரத்துல மெலிசா ஓடவிட்டு, நாள் போகப் போக வால்யூம் ஏத்தறாங்க. கார்ல ஒரு குட்டி ரவுண்டு. ஒவ்வொரு குட்டியையும் தினமும் கொஞ்ச நேரம் தனி ரூம்ல விடறாங்க. நாளைக்கு உங்க வீட்டுல முதல் ராத்திரி தனியாப் படுக்கும்போது ஊரையே எழுப்பாம இருக்க இது ஒத்திகை.

இங்க ஒரு சிக்கல் உண்டு. ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள முதல் தடுப்பூசி. அப்புறம் மூணு, நாலு வாரத்துக்கு ஒருதடவைன்னு பதினாறாவது வாரம் வரைக்கும் போகும். வெறிநோய் ஊசி மூணாவது மாசத்துல. அதுவரைக்கும் பார்வோ வைரஸ் பயம் இருக்கு. அதுக்காக வீட்டுக்குள்ளயே பூட்டி வெச்சா ஜன்னல் மூடிடும். என்ன பண்றது? கூடையில வெச்சுத் தூக்கிட்டுப் போறாங்க! பஸ் ஸ்டாண்டு இரைச்சல், பள்ளிக்கூடம் விடற நேரம், கோயில் மேளம்... எல்லாம் தூக்கின வாக்குல தரிசனம். மத்த நாய்கள் நடமாடற மண்ணுல கால் மட்டும் படக் கூடாது.

30-வது நாள் ரகசியம்

இப்ப ஒரு கணக்கு. முதல் மூணு வாரம் பாலும் தாயோடது, சுத்தம் பண்றதும் தாயோடது. செலவு கம்மி. நாலாவது வாரத்துல இருந்து நிலைமை தலைகீழ். ஒரு குட்டிக்கு நாலு வேளை, அஞ்சு குட்டிக்கு இருபது தட்டு. தாய் சுத்தம் பண்றதை நிறுத்திடும். நாள் முழுக்கத் துடைப்பமும் கையுமா ஒரு ஆள் நிக்கணும். பூச்சி மருந்து, ஊசி, டாக்டர் ஃபீஸ் வேற.

அதாவது, எந்த வாரத்துல செலவும் வேலையும் ஏறுதோ, அதே வாரத்துலதான் குட்டியோட குணமும் உருவாகுது. முப்பது, முப்பத்தஞ்சு நாள்லயே வித்துடறவர் தவிர்க்கறது சரியா அந்தச் செலவைத்தான். நமக்கு விக்கறப்ப அதையே ‘குட்டியா இருக்கும்போதே எடுத்தாத்தாங்க நல்லா ஒட்டும்’னு அழகா பேக் பண்ணிக் கொடுக்கறாங்க. நாமளும் ‘ஸோ க்யூட்’னு வாங்கிட்டு வர்றோம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரியுமா? 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கவே கூடாது. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டையை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. வாழ்நாளில் அஞ்சு ஈத்துக்கு மேல் கூடாது.

முப்பத்திரெண்டாவது நாள் அந்த வீட்டுக்கு நம்ம செட்டுப் பையன் ஒருத்தர் வந்தார். கையில முழுப் பணம். ‘அவங்களுக்கு நாளைக்கு பர்த்டே ஆன்ட்டி, இன்னிக்கே வேணும்’னார். ‘அதுக்கு இன்னும் பல்லே முழுசா வரலீங்க தம்பி. எட்டு வாரம் முடியட்டும், அந்தப் பாப்பாவையும் அவங்க வீட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க’ன்னாங்க அம்மா. அவர் திரும்பி வரலை. அந்தப் பணம் வந்திருந்தா அந்த மாசத் தீனிச் செலவு மொத்தமும் அடைஞ்சிருக்கும்ங்கிறது என் கிளாஸ்மேட் அப்புறமா சொல்லித்தான் தெரிஞ்சுது.

யூனிட் 5: பிளேஸ்மென்ட்

எட்டு வாரம் முடிஞ்சாச்சு. இப்ப கேம்பஸ் இன்டர்வியூ. இன்டர்வியூ குட்டிக்கு இல்ல, வாங்க வர்றவங்களுக்கு!

வீட்டுல பகல்ல யார் இருப்பாங்க? சொந்த வீடா, வாடகையா, ஹவுஸ் ஓனருக்குத் தெரியுமா? ஊருக்குப் போனா யார் பார்த்துப்பாங்க? பத்து, பன்னிரண்டு வருஷம் பார்த்துப்பீங்களா? இந்தக் கேள்விக்கெல்லாம் ஹாஸ்டல் பார்ட்டி யாருமே பாஸ் ஆகலை. மூணாவது வருஷம் முடிச்சுட்டு பெங்களூருக்கோ, அமெரிக்காவுக்கோ போறவன் நாயை யார்கிட்ட கொடுத்துட்டுப் போவான்? நியாயமான கேள்விதானே!

யாருக்கு எந்தக் குட்டின்னு அம்மாவே சொல்லிடறாங்க. துறுதுறு சிவப்பு நூல், பசங்க இருக்கிற வீட்டுக்கு. சாதுவான பச்சை நூல், ரிட்டையர் ஆன தம்பதிக்கு. கூடவே தாய் வாசனை ஒட்டின ஒரு துணி, ஊசி அட்டை, அதே பிராண்டு தீனி கொஞ்சம்.

‘இவ்ளோ பாசமா வளர்த்துட்டு எதுக்கு விக்கணும்?’னு உங்களுக்கும் தோணும். நான் கேட்டேன். ‘இங்கயே இருந்தா அஞ்சுல ஒண்ணுகண்ணு. அங்க போனா அந்த வீட்டுக்கே செல்லப்புள்ள’ன்னாங்க. காசு வாங்கறாங்க, எண்ணித்தான் வாங்கறாங்க. அதை மறைக்கலை. ஆனா அந்தக் காசுக்குக் கொடுக்கறது வெறும் குட்டியை இல்ல, எட்டு வாரத்தை.

அரியர் எழுதலாமா?

எட்டு வாரத்துக்கு அப்புறமும் ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்துதான் இருக்கு. அந்த மிச்சம் நாலு, அஞ்சு வாரம் உங்க பொறுப்பு. மிஸ் பண்ணிட்டா? அரியர் எழுதலாம். பொறுமையும் நல்ல டிரெயினரும் இருந்தா நிறையவே மாத்தலாம். ஆனா மத்தவங்க விளையாட்டா எழுதி முடிச்ச பேப்பரை, நீங்க மாசக்கணக்குல உட்கார்ந்து எழுதணும். சில நாய்களுக்குக் கடைசிவரைக்கும் அந்தப் பயம் முழுசாப் போறதே இல்லை.

காக்கர் வாங்கற ஐடியாவே இல்லையா? சூப்பர்! உங்க தெரு நாய் போட்ட குட்டிக்கும், ராஜபாளையத்துக்கும், சிப்பிப்பாறைக்கும் இதே காலண்டர்தான். தெருக்குட்டியை எடுத்து வளர்க்கப் போறீங்கன்னா, இந்த அஞ்சு யூனிட்டும் உங்களுக்கு அப்படியே செல்லும்.

வாங்கப் போறீங்களா? இதைக் கேளுங்க!

* தாய் நாயைப் பார்க்கலாமா? (‘ஊர்ல இருக்கு’ன்னா உஷார்.)
* குட்டி பிறந்த தேதி என்ன? (சந்தேகம்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. பல்லைப் பார்த்தே வயசைக் கணிச்சுடுவார்.)
* வளர்ந்தது வீட்டுக்குள்ளயா, கூண்டுலயா?
* எந்தெந்தச் சத்தம், எந்தெந்த ஆளுங்க பழக்கம்?
* காதைத் தொட்டுப் பார்க்கலாமா?
* பூச்சி மருந்து, ஊசி போட்ட அட்டை எங்கே?
* விலங்குகள் நல வாரியப் பதிவு இருக்கா?

‘கே.சி.ஐ. பேப்பர் இருக்கா?’ன்னு மட்டும் கேட்டுட்டுப் பணத்தை நீட்டிடாதீங்க. அந்தப் பேப்பர்ல அப்பா பேரு, தாத்தா பேரு எல்லாம் இருக்கும். முதல் எட்டு வாரத்துல அந்தக் குட்டியை யார் மடியில தூக்கி வெச்சுக்கிட்டாங்கன்னு மட்டும் இருக்காது.

ஸோ, ‘குட்டி எவ்ளோங்க?’ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, ‘இது இத்தனை நாளா எங்க, யாரோட வளர்ந்துச்சு?’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் சொல்ல ஆரம்பிச்சு நிறுத்தவே மாட்டேங்கறாங்களா? தைரியமா உட்கார்ந்து பேசுங்க. தலையைச் சொறியறாங்களா? குட்டி எவ்வளவு க்யூட்டா இருந்தாலும் சரி, எஸ்கேப் ஆயிடுங்க பாஸ்!